பல்லுக்கு ஐந்தாண்டு

"பல் பிடுங்குவதற்கு ஐந்து வருஷம் படிக்க வேணுமா, வாத்தியாரய்யா?"

இப்படி நம்மைக் கேட்டவர் கொல்லிமலையின் மிளகுக் குடியானவர் ஒருவர். கேள்வியில் ஏளனம் இல்லை, கணக்கு இருந்தது. ஐந்து ஆண்டு என்றால் அவருக்கு ஐந்து மிளகுப் பறிப்பு, ஐந்து காப்பிப் பருவம், ஐந்து முறை வாங்கித் திருப்ப வேண்டிய கைமாற்று. மகள் டாக்டருக்குப் படிக்கிறாள் என்று ஊர் பெருமை பேசிக்கொள்ளலாம். காட்டில் ஒரு கை குறைவதை ஊரா ஈடு செய்யும்? ஆகவே அக்கேள்வியை நாம் இலேசாகத் தள்ளிவிடவில்லை. அதற்கு விடை தேடிப் போனபோது நாம் கற்றுக்கொண்டவை பல. அவற்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

கொல்லிமலைக்கும் நமக்கும் உள்ள தொடர்பு மதரஸாவில் உண்டானது. நம்மோடு ஒரே பாயில் அமர்ந்து கித்தாபு ஓதிய தோழர் ஒருவர், ஸனது பெற்ற கையோடு, இமாமத்தும் வேண்டாம், உஸ்தாது பணியும் வேண்டாம் என்று மாமனாரின் மிளகு வியாபாரத்தில் புகுந்துவிட்டார். செம்மேட்டில் அவருக்கு ஒரு சிறு கடை. நாம் சமவெளியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரபும் தமிழும் போதித்துக்கொண்டிருப்பவர். விடுமுறை வந்தால் காரவள்ளியில் பேருந்து ஏறி, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அவரிடம் போய்ச் சேர்வோம். வளைவுகளை எண்ணிக்கொண்டே போவதென்று ஒவ்வொரு முறையும் நிய்யத்து வைப்போம். முப்பதைத் தாண்டியதும் தலை சுற்றும்; எண்ணிக்கை நின்றுவிடும்.

வல்வில் ஓரி ஆண்ட மலை என்று தமிழ் படித்தவர்கள் அதனைப் போற்றுவர். மலைமேல் உள்ள ஊராட்சிகள் இன்றும் 'நாடு' என்றே பெயர் பூண்டிருக்கின்றன: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தேவானூர் நாடு என்று. அங்கு வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். கேரளத்துக்கும் அப்பெயருக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்பதே பொருள். தமிழ்நாட்டுப் பழங்குடியினருள் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் இவர்களே. 2011 மக்கள்தொகைக் கணக்கில் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர். நம் தோழருக்கு மிளகு கொண்டுவந்து போடும் அந்தக் குடியானவரும் அக்குலத்தவரே. அவருக்கு மூன்று மக்கள். நடுவிலவள்தான் 2023-ஆம் ஆண்டு நீட் தேர்வு எழுதியவள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படித்தவள். அவளுக்குத் தமிழ்ச் செய்யுளில் ஐயம் வந்தால், நாம் மலையேறும் நாள் பார்த்துக் கடைத் திண்ணையில் வந்து நிற்பாள். அந்த வகையில் நமக்கும் அவள் மாணவியே.

மருத்துவக் கல்லூரிக்குள் புகும் வாசல் நம் மாநிலத்தில் எத்தனை முறை இடித்துக் கட்டப்பட்டது என்பதை இளையோர் அறியமாட்டார்கள். 1984-இல் நுழைவுத் தேர்வு வந்தது. இருபது ஆண்டுக்குமேல் இருந்து, 2007-இல் சட்டத்தின் வாயிலாக ஒழிந்தது. அதன்பின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோல் ஆயிற்று. 2013-இல் நீட் தலைகாட்டி, உச்ச நீதிமன்றத்தால் அவ்வாண்டே நிறுத்தப்பட்டு, 2016-இல் உயிர்பெற்று, 2017 முதல் தமிழ்நாட்டையும் பற்றிக்கொண்டது. எம்.பி.பி.எஸ். என்னும் பொது மருத்துவத்துக்கு மட்டுமன்று, பி.டி.எஸ். என்னும் பல் மருத்துவத்துக்கும் அதே தேர்வுதான். இது பலருக்குத் தெரிவதில்லை. பல்லுக்குத் தனியாக எளிய தேர்வொன்று இருக்கும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

மொத்த மதிப்பெண் 720. சரியான விடைக்கு நான்கு. தவறான விடைக்கு ஒன்று பிடுங்கிக்கொள்வார்கள். அவள் எழுதிய ஆண்டில் 200 வினாக்கள் கொடுத்து 180-க்கு விடை எழுதச் சொன்னார்கள். 2025 முதல் 180 வினாக்களே, மூன்று மணி நேரம். தமிழிலும் எழுதலாம். அவள் தமிழில்தான் எழுதினாள். மலைக்குக் கீழே இருப்பது நாமக்கல். முட்டைக்கும் லாரிக்கும் பெயர்போன அவ்வூர், பிள்ளைகளை விடுதியில் அடைத்து மதிப்பெண் வாங்க வைக்கும் பள்ளிகளுக்கும் பயிற்சி நிலையங்களுக்கும் பெயர்போனது. வெளி மாவட்டத்துப் பெற்றோர் கடன் வாங்கிக் கொண்டுவந்து சேர்க்கும் அந்த வகுப்பறைகள், மலை முகட்டில் நின்று பார்த்தால் விளக்குப் புள்ளிகளாகத் தெரியும். மலைப் பிள்ளைகளுக்கு அவை நட்சத்திரங்களைப்போலத்தான். கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டா.

எட்டாததை ஓரளவு எட்டச் செய்தவை இரண்டு. ஒன்று பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு, நூற்றுக்கு ஒன்று. (நம் முஸ்லிம் சமுதாயத்துக்கு 2007 முதல் நூற்றுக்கு மூன்றரை கிடைத்துவருவதையும், அதைக்கூட முழுதும் பயன்கொள்ளாத நம் ஊர்களையும் இங்கே நினைத்துக்கொண்டோம்.) மற்றொன்று, நீதியரசர் கலையரசன் ஆணையத்தின் பரிந்துரைப்படி 2020-இல் இயற்றப்பட்ட சட்டம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஏழரை விழுக்காடு உள்ஒதுக்கீடு தந்தது அது. அவ்வாறு இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றும் அறிவித்தார்கள். இந்த இரண்டாவது அறிவிப்பு இல்லாதிருந்தால் நம் குடியானவர் கேள்வி கேட்கும் நிலைக்கே வந்திருக்கமாட்டார்.

அவள் வாங்கிய மதிப்பெண்ணுக்குப் பொது மருத்துவம் கிடைக்கவில்லை, சிறிது குறைந்தது. அரசுப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் வந்தது. வந்த அன்றே வீட்டில் வழக்குத் தொடங்கிற்று. தாய்மாமன் சொன்னது: "பல் டாக்டர் என்பது அரை டாக்டர். ஒரு வருஷம் பொறுத்துக் கீழே பயிற்சிக்கு அனுப்பினால் முழு டாக்டர் ஆகிவிடுவாள்." தந்தை சொன்னது: "முழுசோ அரையோ, பல்லுக்கு ஐந்து வருஷம் எதற்கு?" கிழவி, அதாவது தந்தையின் தாய், வாயில் அடக்கிய புகையிலையை எடுக்காமலே சொன்னது: "நம்ம ஊரிலே கொறடு வைத்துப் பிடுங்கினவன் எத்தனை வருஷம் படிச்சான்?"

கிழவியின் கேள்விக்குச் சரித்திரம் விடை சொல்கிறது. உலகெங்கும் பல்லைப் பிடுங்கியவர்கள் நாவிதர்களும் சந்தைக்காரர்களுமே. பல் மருத்துவத்துக்கென்று தனிக் கல்லூரி முதன்முதலில் தோன்றியது 1840-இல், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில். ஆனால் அக்கலையை அறிவின் துறையாக எழுதிவைத்தவர் அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவர்: குர்துபாவின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ. கி.பி. 1000-ஐ ஒட்டி அவர் எழுதி முடித்த 'அத்தஸ்ரீஃப்' முப்பது பாகங்கள் கொண்டது. முப்பதாவது பாகம் அறுவை மருத்துவம். பல்லில் படியும் காறையைச் சுரண்டுவதற்குரிய கருவிகளை அதில் படம் வரைந்து காட்டியிருக்கிறார். ஆடும் பல்லைத் தங்கக் கம்பியால் கட்டும் முறையும், விழுந்த பல்லுக்கு மாட்டின் எலும்பைச் செதுக்கி வைக்கும் முறையும் அதில் உண்டு. அவசரப்பட்டுப் பல்லைப் பிடுங்கிவிடும் நாவிதர்களை அவர் கடிந்துகொள்ளவும் செய்கிறார். மதரஸாவில் நமக்கு இவரைப்பற்றி யாரும் சொல்லித்தரவில்லை. பின்னாளில் ஒரு பழைய நூலகத்தில் நாமே கண்டெடுத்தோம்.

நம் நாட்டில் அக்கல்லூரிக் கதவைத் திறந்தவரும் ஒரு முஸ்லிமே. டாக்டர் ரஃபீயுத்தீன் அஹ்மத், கிழக்கு வங்கத்தில் 1890-இல் பிறந்தவர். அலீகரில் பயின்று, அமெரிக்கா போய் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915-இல் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஊர் திரும்பி 1920-இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். கல்லூரி நடத்தப் பணம்? 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்ற பெயரில் சோடாவும் ஐஸ்கிரீமும் விற்கும் கடை ஒன்று வைத்து, அதன் வருவாயைக் கொண்டு நடத்தினார்! பல்லைக் கெடுக்கும் இனிப்பை விற்றுப் பல்லைக் காக்கும் படிப்பை வளர்த்த கதை. அவர் பிறந்த டிசம்பர் 24-ஐ இன்று தேசியப் பல் மருத்துவர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அவர் கல்லூரியில் படித்து வெளிவந்து 1923-இல் பம்பாயில் மருத்துவமனை திறந்தவர் ஃபாத்திமா ஜின்னா. முகம்மது அலி ஜின்னாவின் தங்கை என்றே அவரை உலகம் அறியும். நூறாண்டுகளுக்கு முன்பு கையில் கருவி பிடித்த பல் மருத்துவர் என்பதை மறந்துவிட்டது.

இவற்றைத் திண்ணையில் நாம் சொன்னபோது பெண் கண் கொட்டாமல் கேட்டாள். தந்தையோ, "அதெல்லாம் சரி, ஐந்து வருஷம் என்ன செய்வாள்?" என்று விடாமல் நின்றார். நியாயந்தானே? நாமும் கல்லூரிப் பாடத்திட்டத்தை வரவழைத்துப் பார்த்தோம்.

பாடம் நான்காண்டு, பயிற்சி ஓராண்டு. முதலாண்டில் பல் மட்டுமா படிக்கிறார்கள்? மனித உடலை அறுத்துப் படிக்கிறார்கள். உடற்கூறு, உடலியக்கம், உயிர்வேதியியல். கூடவே பல்லின் அமைப்பு. இரண்டாமாண்டில் நோய்க்கூறும் நுண்ணுயிரியலும் மருந்தியலும், பல்லடைக்கும் பொருள்களின் இயல்பும். மூன்றாமாண்டில் பொது மருத்துவம், பொது அறுவை மருத்துவம், வாய் நோய்க்கூறு. நான்காமாண்டில்தான் பல் மருத்துவத்தின் கிளைகள் எட்டும் முழுமையாக வந்து நிற்கின்றன: ஈறு, வேர், கட்டுப்பல், கோணற்பல், குழந்தைப் பல், தாடை அறுவை, வாய் நோயறிதல், சமுதாயப் பல்நலம். ஐந்தாமாண்டு ஒவ்வொரு துறையிலும் மாறி மாறி நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி. அது முடிந்தால்தான் பட்டம் கைக்கு வரும். மருத்துவ மன்றத்தில் பெயர் பதியும். அதற்குமேல் ஒரு துறையில் தேர்ச்சி வேண்டுமென்றால் மீண்டும் ஒரு நீட், மீண்டும் மூன்றாண்டு, எம்.டி.எஸ். ஆக எட்டாண்டு.

"பல்லுக்கு ஏன் உடம்பெல்லாம் படிக்க வேண்டும்?" என்பது அடுத்த கேள்வி. கேட்டவர் இப்போது தாய்மாமன். அவருக்கு நாம் சொன்னது இது. கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்கின் அடியில் பரவினால் தொண்டை வீங்கி மூச்சு அடைத்து ஆள் இறந்துபோவதுண்டு. இதய வால்வில் குறை உள்ளவருக்கு முன்மருந்து கொடுக்காமல் பல்லைப் பிடுங்கினால் வாயின் கிருமி இரத்தத்தில் ஏறி இதயத்தில் போய்த் தங்கக்கூடும். சர்க்கரை நோயாளியின் ஈறு ஆறுவது வேறு விதம். மரத்துப்போக ஊசி போடுவதற்கு நரம்பு எங்கே தாடைக்குள் நுழைகிறது என்று அறிந்திருக்க வேண்டும். மயக்க மருந்தை உலகுக்குக் கொடுத்ததே பல் மருத்துவர்கள்தாம். ஹொரேஸ் வெல்ஸ் 1844-இல் சிரிப்பு வாயுவையும், மார்ட்டன் 1846-இல் ஈதரையும் கையாண்டனர். பிறர் வலியை அன்றாடம் கண்டவர்களுக்கே அந்தத் தேட்டம் இருந்தது போலும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாய்ப் புற்று. பாக்கும் புகையிலையும் மெல்லும் நம் நாட்டில் அது மலிந்த நோய். அதன் முதல் அடையாளமான வெள்ளைப் படலத்தைப் பெரும்பாலும் முதலில் காண்பவர் பல் மருத்துவரே. பாக்கு மெல்வோருக்கு வாயின் உட்சதை நாராக இறுகி, வாயைத் திறக்கவே முடியாமல் போகும் நோயும் உண்டு. 'அரை டாக்டர்' என்று சொல்லும் வாயை ஒருநாள் திறந்து பார்க்கப்போகிறவர் அந்த அரை டாக்டர்தான் என்று நாம் சொல்ல, தாய்மாமன் சிரித்துவிட்டார். அவர் வாயிலும் பாக்குக் கறை.

மறுபக்கத்தையும் மறைக்கவில்லை. பட்டம் பெற்றவர்களுக்கெல்லாம் அரசு வேலை காத்திருக்கவில்லை. தேர்வு வாரியம் எடுக்கும் பல் மருத்துவர் இடங்கள் சொற்பம். தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் ஐந்தாண்டுப் படிப்புக்கு ஏற்றதாக இல்லை. சொந்தமாகத் தொழில் வைக்க நாற்காலிக்கும் கருவிக்கும் இலட்சக் கணக்கில் முதல் வேண்டும். இதையும் தந்தையின் எதிரில் வைத்தோம். காத்திருந்து அடுத்த ஆண்டு எழுதினால் பொது மருத்துவம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், கையில் வந்த இடம் திரும்ப வரும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. நம் கருத்து, போய்ச் சேர்வதே நன்று என்பது. ஆயினும் முடிவு சொன்னவள் அவளே. "அப்பா, தம்பி ஒன்பதாவது முடிக்கப் போறான். அடுத்த வருஷம் எனக்குச் செலவு செய்தால் அவனை நிறுத்திடுவீங்க. நான் இப்பவே போறேன்." தந்தை அதற்குப் பதில் சொல்லவில்லை. எழுந்து போய் மிளகு மூட்டையை எடைத்தட்டில் ஏற்றினார்.

இடையில் ஒரு சாதிச் சான்றிதழ் நம் எல்லாரையும் அலைக்கழித்தது. பழங்குடியினர் சான்றிதழ் கோட்டாட்சியர் நிலையில் வழங்கப்படுவது. வாங்கிவைத்திருந்த பழைய சான்றில் தந்தை பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அதைத் திருத்த ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை மலையிறங்கினார்கள். ஒருமுறை அதிகாரி இல்லை. ஒருமுறை கணினி இல்லை. ஒருமுறை இரண்டும் இருந்து மின்சாரம் இல்லை. நான்காம் முறை நம் தோழர் தம் ஜிப்பாவும் தொப்பியுமாகக் கூடவே போய் வராந்தாவில் உட்கார்ந்து தஸ்பீஹ் உருட்டத் தொடங்கினார். நண்பகலுக்குள் சான்றிதழ் வந்துவிட்டது. 'கராமத்து' என்று அவர் இன்றும் சொல்லிக்கொள்வார். அன்று மின்சாரம் இருந்தது என்பதே நம் எண்ணம்.

முதலாண்டு விடுமுறையில் வந்தவள் ஒரு சிறு டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே மெழுகில் செதுக்கிய பற்கள். ஒவ்வொரு பல்லையும் மேடு பள்ளம் பிசகாமல் மெழுகுக் கட்டியிலிருந்து செதுக்குவது முதற் பயிற்சியாம். முன்பற்களையும் கோரைப் பல்லையும் கடைவாய்ப் பல்லையும் அவள் பெயர் சொல்லி அடுக்க, நமக்கு மதரஸாவின் தஜ்வீது வகுப்பு நினைவுக்கு வந்தது. குர்ஆன் எழுத்துகளின் பிறப்பிடம் அறிய நாங்கள் முதலில் மனப்பாடம் செய்தவை பற்களின் பெயர்களே: ஸனாயா நான்கு, ருபாஇய்யாத் நான்கு, அன்யாப் நான்கு, ளவாஹிக் நான்கு, தவாஹின் பன்னிரண்டு, நவாஜித் நான்கு, ஆக முப்பத்திரண்டு. நாநுனி மேற்பல்லின் முனையைத் தொடாமல் 'ஸே' என்னும் எழுத்துப் பிறவாது; நாவின் விளிம்பு மேல் கடைவாய்ப் பல்லைச் சாராமல் 'ளாது' பிறவாது. எங்கள் உஸ்தாதுக்கு, அல்லாஹ் அவர்களுக்கு ரஹ்மத்துச் செய்வானாக, மேல் முன்பற்கள் இரண்டும் விழுந்துவிட்டிருந்தன. அந்த எழுத்து வரும்போது தம் வாயைக் காட்டாமல், நல்ல பல் வரிசை உள்ள ஒரு மாணவனை எழுந்து நிற்கச் சொல்லி அவன் வாயைக் காட்டி விளக்குவார்கள். தொல்காப்பியரும் பிறப்பியலில் பல்லையும் இதழையும் அண்பல்லையும் சொல்லித்தானே எழுத்தின் பிறப்பை வகுத்தார்?

நாம் சொன்ன அரபுக் கணக்கை அவள் விரலால் தன் மெழுகுப் பற்களின்மேல் எண்ணிப் பார்த்தாள். "ஐயா, எங்கள் கணக்கில் முன்கடைவாய்ப் பல் எட்டு. உங்கள் கணக்கில் நான்குதான் வருகிறது. மீதி நான்கையும் பின்னாலே உள்ள அரைக்கும் பல்லோடு சேர்த்துவிட்டார்கள்" என்றாள். சரிதான். முப்பது ஆண்டுகளாக இதை ஓதியும் ஓதிக்கொடுத்தும் வந்த நாம் அப்படி எண்ணிப் பார்த்ததில்லை. கடைசியாக முளைக்கும் பல்லை நாம் ஞானப்பல் என்கிறோம். அரபியரும் அறிவின் பல் என்றே வழங்குகிறார்கள் என்று சொன்னோம். "அதைத்தான் ஐயா அதிகமாகப் பிடுங்குகிறோம்" என்றாள்.

ஆலிம் பட்டத்துக்கு நாம் ஏழாண்டு ஓதினோம். அந்த ஏழாண்டில் ஒருநாளும் நம் தந்தை, ஏன் இத்தனை ஆண்டு என்று கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்று எண்ணியிருக்கலாம். அதனால்தானோ என்னவோ, வாய்விட்டுக் கேட்ட அந்தக் குடியானவர்மேல் நமக்கு மதிப்பு உண்டாயிற்று. கேட்ட பிறகு அவர் ஒருமுறையும் பின்வாங்கவில்லை. விடுதியும் கட்டணமும் அரசின் பொறுப்பு என்றாலும், கருவிப் பெட்டிக்கும் வெள்ளை அங்கிக்கும் போக்குவரத்துக்கும் பணம் வேண்டியிருந்தது. அதை நம் தோழர் மிளகு விலையில் முன்பணமாகக் கொடுத்தார். வட்டியில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதற்கிடையே சட்டமும் மாறிக்கொண்டிருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டத்துக்குப் பதிலாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. படித்து முடிப்போருக்கு நாடு முழுதும் ஒரே இறுதித் தேர்வு என்பதும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. அதே ஆண்டில் புதுக்கோட்டையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்று திறக்கப்பட்டது. 1953-இல் சென்னையில் தொடங்கிய அரசுக் கல்லூரிக்குப் பிறகு எத்தனை காலம் கழித்து!

அவள் இப்போது மூன்றாமாண்டில் இருக்கிறாள். வாய் நோய்க்கூறு படிக்கும் ஆண்டு. சென்ற விடுமுறையில் முற்றத்து வெயிலில் கிழவியை உட்கார வைத்து, கைப்பேசி விளக்கின் ஒளியில் வாயைத் திறக்கச் சொன்னாள். இடக் கன்னத்தின் உட்புறம், புகையிலை அடக்கும் அதே இடத்தில், விரல் நகம் அளவுக்கு வெள்ளைப் படலம். துணியால் துடைத்தாள், போகவில்லை. "இது என்ன என்று சொல்ல நான் இன்னும் டாக்டர் இல்லை, ஆத்தா. கீழே காட்டியே ஆகவேண்டும்" என்றாள். பல ஆண்டுகளாக மலையிறங்காத கிழவி, எழுபது வளைவுகளிலும் பேத்தியின் தோளில் சாய்ந்தபடி நாமக்கல் அரசு மருத்துவமனைக்குப் போனார். சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்று இல்லை, ஆனால் விட்டால் ஆகலாம். புகையிலையை நிறுத்த வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கிழவி முழுதும் நிறுத்தவில்லை. பேத்தி வருகிற பேருந்தின் ஒலி கேட்டால் மட்டும் சுருக்குப்பையை அரிசிப் பானைக்குப் பின்னே ஒளித்துவைக்கிறார். அடுத்த மூன்று மாதக் கெடுவுக்கு அவரை அழைத்துப் போகும் பொறுப்பு நம் தோழருடையது.